அஜாயி: ஒரு யொரூபா குடும்பப் பெயரின் பொருளும் அது இன்று வாழும் இடங்களும்

நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்களிடையே, முகம் தரையை நோக்கியபடி பிறக்கும் பிள்ளைக்கு அஜாயி என்று பெயர். பெற்றோர் கூடிப் பேசி அந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பதில்லை. பிறந்த விதமே பெயரைத் தீர்மானித்துவிடுகிறது. இப்படி அமையும் பெயர்களை அவர்கள் ‘அமுத்தோருன்வா’, அதாவது பிள்ளை விண்ணிலிருந்து தானே கொண்டுவந்த பெயர், என்று வகைப்படுத்துகிறார்கள். இன்று அதே பெயர் லாகோசிலும் லண்டனிலும் அமெரிக்க நகரங்களிலும், நான் வாழும் டர்பனிலும்கூட, பிறந்த விதத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத பெருந்திரளான மக்களின் குடும்பப் பெயராக வழங்குகிறது. ஒரு பிள்ளை பிறந்த கணத்தைக் குறித்த சொல் எவ்வாறு ஒரு வம்சத்தின் பெயராயிற்று, அது எங்கெங்கே சென்றது, சென்றிருக்க வேண்டிய சில நாடுகளில் ஏன் காணப்படவில்லை என்பவற்றை, தாத்தாக்களின் பட்டங்களையும் இயற்பெயர்களையும் குடும்பப் பெயராகச் சுமந்து நிற்கும் தென்னாப்பிரிக்கத் தமிழர் நடுவிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. டர்பனில் இந்திய வம்சாவளியினர் மிகுந்து வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில் அஜய் என்ற பெயருடைய இளைஞர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே அஜாயி என்ற பெயரை முதன்முதலாகக் கேட்கும் நம்மவர் பலர், இவரும் நம் வழியில் வந்தவரோ என்று எண்ணிவிடுகிறார்கள். அஜய் என்பது வெல்லப்படாதவன் என்று பொருள்படும் வடமொழிப் பெயர். கானா நாட்டின் அக்கான் மக்களிடையே அஜெய், அஜாயே என்று ஒரு பெயர் உண்டு. கட்டடக் கலைஞர் டேவிட் அஜாயே வழியாக அது உலகம் அறிந்த பெயராயிற்று. இம்மூன்றுக்கும் ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ ஒரே தோற்றம் உண்டேயன்றி உறவு எதுவும் இல்லை. யொரூபா மொழியில் ஒவ்வோர் அசையும் தாழ்ந்தோ, நடுவாகவோ, உயர்ந்தோ ஒலிக்க வேண்டும்; அஜாயியின் முதல் இரண்டு அசைகள் தாழ்ந்தும் இறுதி அசை உயர்ந்தும் ஒலிக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டும் மேற்குறிகள் எந்தக் கடவுச்சீட்டிலும் அச்சாவதில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பெனின் நாட்டிலோ, பிரெஞ்சு எழுத்து மரபுப்படி ஜகரத்துக்கு முன் ஒரு டகர எழுத்தும் சேர்ந்துகொள்கிறது. பெயர்ப் பரவலைக் காட்டும் இணைய வரைபடங்களை நம்பிப் புறப்படுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். எழுத்துக் கூட்டல் ஒன்றை மட்டும் வைத்துத் தேடினால் சொந்தக்காரர்கள் விடுபடுவார்கள், சொந்தமல்லாதவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள்.

விண்ணிலிருந்து கொண்டுவந்த பெயர்களின் வரிசை நீளமானது. இரட்டைப் பிள்ளைகளில் முதலில் வெளிவருவது தாய்வோ. பின்னால் வருவது கெஹிந்தே. பின்னால் வந்த கெஹிந்தேயே மூத்தவர் என்பது அவர்கள் கணக்கு, ஏனெனில் உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தாய்வோவை முன்னே அனுப்பியவர் அவர்தாம். இரட்டையருக்கு அடுத்துப் பிறப்பவர் இடோவு, அவருக்கும் அடுத்தவர் அலபா. கால் முன்னே வரப் பிறந்தால் இகே. சடை திரிந்த தலைமுடியோடு பிறந்தால் டாடா. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தால், ஆணுக்கு ஓஜோ, பெண்ணுக்கு அய்னா. உலகிலேயே இரட்டைப் பிறப்பு மிகுதியாக நிகழும் இனத்தாருள் யொரூபாக்கள் அடங்குவர். ஒயோ மாநிலத்தின் இக்போ ஒரா என்னும் ஊர் இதற்காகவே பெயர் பெற்றது. ஆகவே தாய்வோவும் கெஹிந்தேயும் குடும்பப் பெயர்களாகவும் ஏராளமாகக் கிடைப்பதில் வியப்பில்லை.

கொடி சுற்றிப் பிறந்த பிள்ளையை நம்மவரும் சும்மா விட்டதில்லை. மாலை சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று சொல்லி, மாமன் பிள்ளையை நேரே பாராமல் எண்ணெயில் விழும் முகத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று சடங்கு வைத்தார்கள். இங்கே பிறந்த என் தலைமுறையிலும் அது நடந்திருக்கிறது. ஆனால் நாம் சடங்கோடு நிறுத்திக்கொண்டோம்; யொரூபாக்கள் அதைப் பெயராக்கி, ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே புகழ்ப்பாட்டும் கட்டிவைத்தார்கள். பிறந்து பிறந்து இறக்கும் பிள்ளைகளைப் பற்றிய அச்சம் மட்டும் இரு மக்களிடமும் பெயராகவே வெளிப்பட்டது. இனி இறவான் என்று பொருள்படும் கோகுமோ என்று அவர்கள் பெயரிட்டார்கள். எமன் கண்ணில் மதிப்பின்றித் தோன்றட்டும் என்று நாம் குப்பு என்றும் பிச்சை என்றும் பெயரிட்டோம். குப்புசாமி என்பது டர்பன் தொலைபேசிப் புத்தகத்தில் இன்றும் ஒரு குடும்பப் பெயர். அதைச் சுமக்கும் வழக்கறிஞருக்கும் கணக்காளருக்கும், என்றோ ஒரு தாய் தன் பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்த கதை தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை.

அஜாயியின் பொருளைப் பற்றி என் மனைவி எழுப்பிய ஐயத்தையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். பல ஆண்டுகள் பிரசவ வார்டில் செவிலியாக இருந்தவர் அவர். மல்லாந்து படுத்த நிலையில் தாய் பிரசவித்தால் பெரும்பாலான பிள்ளைகள் முகம் கீழ்நோக்கியே வெளிவரும். அப்படியானால் யொரூபா நாட்டில் எல்லோருமே அஜாயி ஆகியிருக்க வேண்டாமா என்பது அவர் கேள்வி. யொரூபாப் பெண்கள் மரபுப்படி முழங்காலிட்டுப் பிரசவித்தவர்கள் என்பதில் இதற்கு விடை இருப்பதாக நான் நினைக்கிறேன். தாய்மையின் வலியைக் குறிக்க அம்மொழியில் வழங்கும் தொடரே தாய் முழங்காலிட்ட நிலையைத்தான் குறிப்பிடுகிறது. முழங்காலிட்டு முன்னே சாய்ந்திருக்கும் தாய்க்கு, வழக்கமாகத் திரும்பிய பிள்ளை முகம் மேல்நோக்கி வரும். மாறித் திரும்பிய பிள்ளையே தரையைப் பார்த்து வரும். அந்த மாறிய நிலையில் பிறப்பவை நூற்றுக்கு ஐந்து அளவில்தான். தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு அது அரிது. ஊருக்கு ஊர் சிலராவது அப்பெயரோடு இருக்கும் அளவுக்கு அது பொதுவானதும் ஆகும். இது என் ஊகமே. மனைவி இதை ஏற்றுக்கொண்டார். இதைவிட உயர்ந்த சான்றிதழ் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

யொரூபாப் பெயர்களில் மிகப் பலவற்றின் அமைப்பு வேறு. அவை சிறு வாக்கியங்கள். ‘அதே’ என்ற யொரூபாச் சொல்லுக்கு மகுடம் என்று பொருள். ‘அதேயெமி’ என்றால் மகுடம் எனக்குப் பொருந்துகிறது என்பதாகும். அரச குடியோடு உறவுடையோர் இப்படிப் பெயரிடுவர். வீரத்தைக் குறிக்கும் அகின், பட்டத்தைக் குறிக்கும் ஒயே, இரும்பின் தெய்வமான ஓகுன், குறிசொல்லும் மரபாகிய இபா ஆகியவை முன்னே நின்று, குடும்பத்தின் தொழிலையும் வழிபாட்டையும் சொல்லிவிடும். கிறித்துவமும் இஸ்லாமும் பரவியபோது இந்தப் பெயர்களுக்கு நெருக்கடி வந்தது. ஓகுன் என்று தொடங்கிய பெயரை, இறைவனைக் குறிக்கும் ஒலு என்று தொடங்குமாறு மாற்றிக்கொண்ட குடும்பங்கள் பல. அஜாயிக்கு அந்த நெருக்கடி வரவில்லை என்பது என் கணிப்பு. அதில் தெய்வமும் இல்லை, மகுடமும் இல்லை, தொழிலும் இல்லை. ஒரு பிள்ளை எப்படிக் கிடந்தது என்பது மட்டுமே உண்டு. பேராயர் வீட்டிலும் இமாம் வீட்டிலும் ஓகுனை வழிபடும் கொல்லன் வீட்டிலும் அது இயல்பாகவே இருக்க முடிந்தது. குலத்தைச் சொல்லாத பெயர் என்பதாலேயே, தம்முள் எந்த உறவும் இல்லாத அஜாயிக் குடும்பங்கள் எண்ணற்றவை உள்ளன. இகேக்கும் ஓஜோவுக்கும் இதே கதைதான். இரண்டு அஜாயிகள் சந்தித்தால் பங்காளிகளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இனி அது குடும்பப் பெயரான கதைக்கு வருகிறேன். பழைய யொரூபா வழக்கில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லை. ஒருவருக்குச் சொந்தப் பெயர்கள் சில இருக்கும். தாயும் பாட்டியும் கொஞ்சி அழைக்கும் ஒரு புகழ்ப்பெயர் இருக்கும். எந்த ஊரைச் சேர்ந்த எந்த வம்சம் என்பதை, பெயரைவிட நீண்ட வம்சப் புகழ்ப்பாட்டு சொல்லிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மிஷன் பள்ளிகள் வந்து, வருகைப் பதிவேட்டில் இரண்டாவது பெயர் ஒன்றைக் கேட்டன. பிறகு குடியேற்ற அரசின் அலுவலகங்களும் அதையே கேட்டன. கேட்டபோது ஒரு பிள்ளை தந்தையின் பெயரைச் சொன்னது. இன்னொரு பிள்ளை பாட்டனின் பெயரைச் சொன்னது. ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறந்தார் வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு பள்ளியிலிருந்து வெளிவந்ததற்குக் காரணம் இதுதான். முகம் தரையைப் பார்த்தபடி பிறந்த ஒரு தந்தை அந்தப் பதிவேட்டுக்குள் நுழைந்த நாளில் அவர் பெயர் உறைந்துவிட்டது. அன்றுமுதல் அது அவர் வழிவந்த எல்லோருக்கும் உரியதாயிற்று. பெயரின் பொருள் அந்த முதல் மனிதருக்கு மட்டுமே உண்மை. மற்றவர்களுக்கு அது முகவரி.

தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு வாழும் தமிழ்நாட்டுத் தமிழருக்கு இது சற்று விநோதமாகத் தோன்றலாம், எங்களுக்குத் தோன்றாது. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்த நேட்டாலுக்கு வந்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் என்று கப்பல் பட்டியலில் கட்டம் கட்டமாக எழுதப்பட்டது. தமிழ் அறியாத எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், படையாட்சி படையாச்சி ஆனார். பட்டம் எதுவும் இல்லாத முனுசாமியின் பெயர் முன்சாமி, மூன்சாமி என்று பல வடிவம் எடுத்து, அவருடைய கொள்ளுப் பேரர்களின் குடும்பப் பெயராக நிலைத்தது. ஒப்பந்தம் முடிந்து வெளியேறியபின், ஊரில் தமக்கு இல்லாத நாயுடு, பிள்ளைப் பட்டங்களைச் சூடிக்கொண்டவர்களும் இருந்தார்கள். கடல் கடந்த இடத்தில் அதைத் தட்டிக்கேட்க ஊர்ப் பெரியவர் எவரும் இல்லை. ஆகவே டர்பனில் ஒருவரின் குடும்பப் பெயரைக் கேட்டு அவர் முன்னோரின் சாதியை உறுதியாகச் சொல்ல முயல்பவர் ஏமாறவே செய்வார். அது நல்லதுதான் என்பது என் எண்ணம்.

அஜாயி என்ற பெயரை உலக வரலாற்றில் எழுதியவர் சாமுவேல் அஜாயி கிரவுதர். அவர் வாழ்க்கையே ஒரு பெயர் எவ்வாறு இழக்கப்படுகிறது, எவ்வளவு மீட்கப்படுகிறது என்பதற்குச் சான்று. சுமார் 1809இல் ஒயோ நாட்டைச் சேர்ந்த ஒசோகுன் என்ற ஊரில் பிறந்த அஜாயி, 1821இல் அடிமை வேட்டையாளர் அந்த ஊரைச் சூறையாடியபோது தாயோடும் உடன்பிறந்தாரோடும் பிடிபட்டான். கைமாறிக் கைமாறிக் கடைசியில் லாகோசில் போர்த்துகீசிய அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டான். 1822 ஏப்ரலில் மிர்மிடன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அந்தக் கப்பலை மறித்துப் பிடித்து, உள்ளே இருந்தவர்களைச் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறக்கிவிட்டது. 1825இல் ஞானஸ்நானம் பெற்றபோது, மிஷன் சங்கத்தோடு தொடர்புடைய ஓர் ஆங்கிலப் பாதிரியாரின் பெயர் அவருக்கு வைக்கப்பட்டது. சாமுவேல் கிரவுதர் ஆனார். ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவர்களுள் ஒருவராகி, 1843இல் குருப்பட்டம் பெற்று, அதே ஆண்டில் யொரூபா மொழிக்கு ஒரு சொல்தொகுதியை வெளியிட்டு, 1864இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயராகக் கேன்டர்பரியில் அபிஷேகம் செய்யப்பட்டார். யொரூபா மொழியின் இன்றைய எழுத்து முறைக்கும் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் அடித்தளம் இட்டவர் அவரே. 1846இல் யொரூபா நகரமான அபெயொகுதாவுக்குத் திரும்பியவர், சுமார் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிரிந்திருந்த தாயை அங்கே உயிரோடு கண்டார்.

உலகம் அறிந்த அந்த அஜாயி, தம் சந்ததியாருக்கு அஜாயி என்ற பெயரைக் கொடுத்துச் செல்லவில்லை. பிள்ளைகள் கிரவுதர்கள் ஆனார்கள். அவருடைய மகள் வயிற்றுப் பேரன், நைஜீரிய தேசிய இயக்கத்தின் முன்னோடியும் ஒரு நைரா நாணயத்தில் முகம் பொறிக்கப்பட்டவருமான ஹெர்பர்ட் மெக்காலே. இந்தியக் கல்வி வரலாற்றில் நாம் அறிந்த அதே மெக்காலேயின் முழுப்பெயரைத் தாங்கியவர் ஹெர்பர்ட்டின் தந்தை. ஃப்ரீடவுனில் இறக்கப்பட்ட யொரூபாக்கள் ஜான்சன், வில்லியம்ஸ், கோல், டேவிஸ் என்று பெயர் பெற்று, 1830களின் இறுதியிலிருந்து தாய்நாடு திரும்பத் தொடங்கியபோது அந்தப் பெயர்களோடுதான் லாகோசுக்கும் அபெயொகுதாவுக்கும் வந்தனர். பிரேசிலிலிருந்து விடுதலை பெற்றுத் திரும்பியவர்கள் டா சில்வா, பெரெய்ரா, மார்டின்ஸ் என்னும் பெயர்களோடு வந்தனர். இன்று லாகோசில் இப்பெயர்களைக் கேட்டால் அவர்கள் வெளிநாட்டார் அல்லர். அந்த நகரத்தின் பழைய குடிகள். நூற்றாண்டின் இறுதியில் இதற்கு எதிரான உணர்வும் எழுந்தது. பாப்டிஸ்ட் பாதிரியாரான டேவிட் பிரவுன் வின்சென்ட் 1894இல் தம் பெயரை மொஜோலா அக்பெபி என்று மாற்றிக்கொண்டு, ஐரோப்பிய உடையையும் விட்டுவிட்டார். அந்த உணர்வு அடுத்த நூற்றாண்டிலும் அடங்கவில்லை. இசைக்கலைஞர் ஃபெலா, 1970களில் தம் குடும்பப் பெயரிலிருந்த ரான்சம் என்ற ஆங்கிலப் பகுதியை வெட்டியெறிந்து, சாவைத் தன் பையில் வைத்திருப்பவன் என்று பொருள்படும் அனிகுலாபோ என்பதைச் சேர்த்துக்கொண்டார்.

இந்த வரலாற்றை அறிந்த பிறகே அஜாயி இல்லாத இடங்களின் பொருள் விளங்குகிறது. ஒயோப் பேரரசு சரிந்து உள்நாட்டுப் போர்கள் மூண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், யொரூபா மக்கள் பெருந்திரளாகப் பிரேசிலின் பாகியாவுக்கும் கியூபாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே அவர்களை முறையே நாகோ என்றும் லுக்குமி என்றும் அழைத்தனர். 1835 ஜனவரியில் சால்வடார் நகரில் வெடித்த மாலே கிளர்ச்சியில் முன்னின்ற முஸ்லிம்களுள் பெரும்பாலோர் நாகோக்களே. அந்தக் கப்பல்களில் முகம் தரையைப் பார்த்தபடி பிறந்த அஜாயிகள் இல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆயினும் பாகியாவில் அவர்களின் சந்ததியார் டோஸ் சான்டோஸ், டா சில்வா, டி ஜேசுஸ் என்ற பெயர்களையே சுமக்கிறார்கள். ஞானஸ்நானத் தொட்டியில் பழைய பெயர் பறிக்கப்பட்டது. யொரூபாத் தெய்வங்கள் காண்டோம்ப்ளே வழிபாட்டில் பிழைத்தன, யொரூபாக் குடும்பப் பெயர்கள் பிழைக்கவில்லை. மறிக்கப்பட்ட கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களின் ஆப்பிரிக்கப் பெயர்களை மட்டும் ஃப்ரீடவுனிலும் ஹவானாவிலும் எழுத்தர்கள் மொழிபெயர்ப்பாளர் துணையோடு பதிந்துவைத்தனர். அப்படிப் பதிவான 91,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இன்று ஒரு பொதுத் தரவுத்தளமாகக் கிடைக்கின்றன. அமெரிக்கக் கண்டங்களில் இறங்கிய கோடிக்கும் மேற்பட்டோரோடு ஒப்பிட்டால் அது கைப்பிடி அளவு.

நேட்டாலுக்கு வந்த நம் முன்னோர் பட்ட துன்பத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. கரும்புத் தோட்டங்களில் அவர்கள் எண்ணாகவே நடத்தப்பட்டார்கள். ஆனால் ஒப்பந்தம் என்பது காகிதத்தின் மேல் நின்ற முறை. காகிதத்துக்குக் கூலியின் பெயரும் தந்தை பெயரும் தேவைப்பட்டன. சிதைத்தாவது எழுதிவைத்தார்கள். அதனால்தான் என் மாணவர்கள் ஆவணக் காப்பகத்துப் பட்டியலில் கொள்ளுத் தாத்தாவின் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. சால்வடாரில் உள்ள பெரும்பாலோரால் அது முடியாது. சாட்ஸ்வர்த்தில் எங்களுக்கு அண்டை வீட்டாராகவே இன்னொரு சான்று உண்டு. 1873க்கும் 1880க்கும் இடையில் பிரிட்டிஷ் கடற்படை கிழக்குக் கடலில் அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்ட 500க்கும் மேற்பட்டோரை, பெரும்பாலும் மொசாம்பிக்கின் மாக்குவா மக்களை, டர்பனில் இறக்கிவிட்டது. சான்சிபாரிகள் என்று பெயர் பெற்று ப்ளஃப் பகுதியில் வாழ்ந்த அந்த முஸ்லிம் சமூகத்தை, நிறவெறி அரசு பிற ஆசியர் என்று வகைப்படுத்தி, 1960களில் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்தது. கிரவுதரைப் போன்றே கடலில் விடுவிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எங்களோடு ஒரே பேருந்தில் பள்ளிக்குச் சென்றார்கள். எங்களுக்கு அப்போது அது தெரியாது.

இன்றைய பரவலைப் பார்ப்போம். பெயரின் தாய்நிலம் நைஜீரியாவின் தென்மேற்கு மாநிலங்களான லாகோஸ், ஓகுன், ஒயோ, ஓசுன், ஒண்டோ, எகிதி ஆகியவையும், வடக்கே க்வாராவும் கோகியின் ஒரு பகுதியும் ஆகும். நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் என்று மதிப்பிடப்படும் யொரூபா மக்களில் மிகப் பெரும்பாலோர் இங்கேதான் வாழ்கிறார்கள். ஆகவே எந்தக் கணக்கை எடுத்தாலும் அஜாயிகளில் பெரும்பான்மையோர் லாகோசிலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் இருப்பார்கள். எல்லைக்கு மேற்கே, பெனின் நாட்டின் கேத்து, போர்ட்டோ நோவோப் பகுதிகளிலும், டோகோவின் அதக்பாமே வரையிலும் யொரூபா பேசுவோர் உண்டு. குடியேற்ற ஆட்சியாளர் கோடு போட்டதால் பெயர் இரண்டு எழுத்துமுறைகளுக்குள் விழுந்தது. கானாவின் சந்தைகளில் யொரூபா வணிகர் ஒரு காலத்தில் நிறைந்திருந்தனர். 1969 நவம்பரில் கானாவின் பூசியா அரசு, அனுமதி ஆவணம் இல்லாத அயல்நாட்டார் இரு வாரங்களுக்குள் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டது. தலைமுறைகளாக அங்கே கடை வைத்திருந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. இன்று கானாவில் இவ்வொலியில் ஒரு பெயரைக் கேட்டால் அது பெரும்பாலும் அக்கான் பெயராக இருப்பதற்கு இந்த வெளியேற்றமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

கடல் கடந்த பரவலுக்கு முதலில் கல்வியும் பின்னர் பொருளாதார வீழ்ச்சியும் வழிவகுத்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனுக்குப் படிக்கச் சென்றவர்கள் பெரும்பாலும் திரும்பினார்கள். 1980களில் எண்ணெய் விலை வீழ்ந்து, 1986இல் கட்டமைப்புச் சீர்திருத்தத் திட்டம் தொடங்கி, நைராவின் மதிப்புச் சரிந்தபோது, விரிவுரையாளர்களும் மருத்துவர்களும் செவிலியர்களும் வெளியேறினார்கள், அவர்கள் திரும்பவில்லை. 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நைஜீரியாவில் பிறந்தவர்கள் மட்டும் சுமார் 2,70,000 பேர். தென்கிழக்கு லண்டனின் பெக்கம் பகுதியில் யொரூபா கேட்காத தெருவே இல்லை என்று சொல்வார்கள். அந்த லண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜே அஜாயி, 2018 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா அணி அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் போலை வென்றபோது அதில் ஓடிய வீரர். ஜே பிறந்த அதே 1993ஆம் ஆண்டில் கிரேஃபோர்டில் பிறந்த செமி அஜாயி, நைஜீரியத் தேசிய அணிக்காகக் கால்பந்து ஆடுபவர். ஒரே பெயர் என்பதால் இருவரும் உறவினர் என்று கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் முதுகுச் சட்டையில் அச்சான பெயரை வர்ணனையாளர் எப்படியெல்லாம் ஒலித்தாலும், அந்த மூன்று அசைகளின் ஏற்ற இறக்கம் தொலைக்காட்சியில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தப் பெயரைத் தாங்கியவர்களுள் என் மதிப்புக்கு மிகவும் உரியவர், எகிதியின் இகோலேயில் 1929இல் பிறந்து 2014இல் மறைந்த, ‘அதே அஜாயி’ என்னும் பெயருடைய வரலாற்றறிஞர். இபாதான் வரலாற்றுப் பள்ளி எனப்படும் ஆய்வாளர் குழுவின் தூண்களுள் ஒருவரும் லாகோஸ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருமாக இருந்த அவர், ஐரோப்பிய ஆட்சி என்பது ஆப்பிரிக்காவின் நெடிய வரலாற்றில் ஓர் இடைநிகழ்ச்சி மட்டுமே என்று வாதிட்டார். வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அஜாயி என்ற பெயர் ஒரு மனிதருடையதாக இல்லாமல் ஒரு குடும்பத்தினுடையதாக மாறியது அந்த இடைநிகழ்ச்சியின் போதுதான் என்பதையும் பக்கத்தில் எழுதிவைக்கத் தோன்றுகிறது.

தென்னாப்பிரிக்காவுக்கு இந்தப் பெயர் வந்தது பெரும்பாலும் 1994க்குப் பிறகு. அதற்கு முன் இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவே இல்லை. நான் கண்ட வரையில், டர்பனில் யொரூபாப் பெயர்கள் பல்கலைக்கழகத் துறைகளின் கதவுகளிலும் மருத்துவமனைப் பெயர்ப் பலகைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளின் அறிவிப்புகளிலும் அதிகம். அந்நியப் பெயர் இந்த நாட்டில் ஆபத்தாகவும் முடியும். 2019 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் அயல்நாட்டார் தாக்கப்பட்டபோது, ஏர் பீஸ் என்ற நைஜீரிய விமான நிறுவனம் கட்டணமின்றி நூற்றுக்கணக்கானோரைத் தாயகம் கொண்டுசென்றது. 1949 ஜனவரிக் கலவரத்தில் டர்பனில் 142 பேர் மாண்டதைப் பெற்றோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நம் சமூகத்தில், அந்த வாரத்தில் ‘அவர்கள் ஏன் இங்கே வந்தார்கள்’ என்று கேட்டவர்கள் இருந்தது எனக்கு வருத்தம் தந்தது.

எங்கள் தெருவில் குடியிருக்கும் கணித விரிவுரையாளர் ஒருவர் அஜாயி குடும்பத்தவர். பெயருக்குரியவர் அவருடைய பாட்டனார். தந்தையாரைப் பள்ளியில் சேர்த்தபோது அது பதிவேட்டில் ஏறியது. அவருக்கு இங்கே இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். எட்டாம் நாள் பெயர்சூட்டு விழாவில், தேன், உப்பு, தண்ணீர், கோலாக் கொட்டை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் குழந்தையின் உதட்டில் தொட்டுவைத்து, உறவினர் ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சொல்லிக் காசு இடுகிறார்கள். சேனை தொட்டுவைக்கும் நம் பாட்டிகளுக்கு அதில் புரியாதது எதுவும் இருந்திராது. மகளுக்கு அன்று கிடைத்த பெயர்களுள் ஒன்று யெதுந்தே, தாய் மீண்டும் வந்தாள் என்று பொருள். விரிவுரையாளரின் தாயார் அதற்கு முந்தைய ஆண்டில் காலமாகியிருந்தார். பாட்டன் பெயரைத் தாங்குவதாலேயே பேரன் என்றழைக்கும் மரபில் வந்த எனக்கு அதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பழைய முறைப்படி என்றால், தம் சொந்தப் பெயரையே பிள்ளைகளின் இரண்டாவது பெயராக வைத்திருக்கலாம் என்று அவர் சொன்னார்; நைஜீரியாவில் இன்றும் சிலர் அப்படிச் செய்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1992ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமோ, பிள்ளைக்குத் தந்தையின் குடும்பப் பெயர், தாயின் குடும்பப் பெயர், அல்லது இரண்டையும் இணைத்த பெயர் என்ற மூன்று வழிகளையே தருகிறது. ஆகவே உள்துறை அலுவலகப் பதிவில் இரு பிள்ளைகளும் அஜாயிகளே. மகன் கால் முன்னே வரப் பிறந்தவன். இபாதானில் உள்ள அத்தைமார் தொலைபேசியில் அவனை இகே என்றே கூப்பிடுகிறார்கள்.